பொம்மைப் படைக்கு பிரிண்டர் வேண்டாம், பிரஷ் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எந்த வேலையைச் சொன்னாலும், "இதைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிட முடியுமா?" என்று கேட்பது வழக்கம். வீட்டுக் கணக்கு, பத்திரிகை அச்சடிப்பு, ஜாதகம் என எல்லாவற்றிற்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் சிறிய போர் வீரர் பொம்மைகளை உருவாக்கி வர்ணம் பூசும் பொழுதுபோக்கிற்கு மட்டும் இது பொருந்தாது என்பது என் கருத்து. என்னிடம் இதைப் பற்றி விசாரிப்பவர்களில் பலர் பிரஷ் பற்றிக் கேட்பதே இல்லை. எந்த 3டி பிரிண்டர் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் இது என்ன பொழுதுபோக்கு என்று பார்த்துவிடலாம். மேஜையிலோ தரையிலோ பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுகோலாலும் பகடையாலும் போர் நடத்துவது ஒரு விளையாட்டு. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இதற்கான விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக 1913ல் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1983ல் 'வார்ஹேமர்' என்ற விளையாட்டைக் கொண்டு வந்தது. பூதங்கள், குள்ளர்கள், மந்திரவாதிகள் எனக் கற்பனைப் படைகள் மோதும் விளையாட்டு இது. பொம்மைகள் வர்ணம் இல்லாமல் வரும். ஒரு ஆள் சுமார் 28 மி.மீ. உயரம்தான். வாங்கியவரே ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஒரே மாதிரி பொம்மைகளின் கையை வெட்டி, தலையை மாற்றி, புதிய ஆயுதம் வைத்து வேறு ஆளாக்குவதை 'கன்வர்ஷன்' என்கிறார்கள். விளையாடுவதை விட இதில்தான் பலருக்கு ஆர்வம் அதிகம்.

இது ஏதோ மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். நவராத்திரி கொலுவில் கும்பகர்ணன் செட் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு ராட்சதன் படுத்திருக்க, அவன் மேல் ஏறியும் காதருகே கொட்டு அடித்தும் சின்னச் சின்ன ஆட்கள் எழுப்பிக் கொண்டிருப்பார்கள். மேல்நாட்டில் இதையே 'பேண்டஸி டயோரமா' என்று பெயரிட்டுப் போட்டிக்கு வைப்பார்கள். சென்னை கொசப்பேட்டையிலும் மதுரை அருகே விளாச்சேரியிலும் இத்தகைய பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர்களின் கை, உலகின் எந்த மினியேச்சர் பெயிண்டருக்கும் குறைந்ததல்ல. இலங்கையில் மேல்நாட்டு ரசிகர்களின் போர் பொம்மைகளுக்கு வர்ணம் பூசி அனுப்புவதையே தொழிலாக நடத்தும் நிறுவனங்கள் உள்ளன. ஆக, இந்தக் கைத்திறன் நமக்குப் புதிது அல்ல.

வெளிநாட்டுப் பொம்மைகளை வரவழைத்தால் பொம்மையின் விலையோடு அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். முதல் முயற்சிக்கு அது தேவையில்லை. தாம்பரம் சண்முகம் சாலை போன்ற கடைவீதிகளில், பாக்கெட்டில் அடைத்த பிளாஸ்டிக் ராணுவ வீரர்கள் கிடைக்கிறார்களா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் 5 செ.மீ. உயரத்தை ஒட்டி இருக்கும். வெல்ஸ் விளையாடிய ஈய வீரர்களும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

இந்த வீரர்களை வானர சேனையாக மாற்றலாம். துப்பாக்கியை பிளேடால் வெட்டி எடுங்கள். பிளேடு எப்போதும் உங்கள் உடலுக்கு எதிர்ப்பக்கமாகப் போகட்டும். கையில் துளையிட்டு ஒரு குண்டூசியைச் செருகி, அதன் தலையைச் சுற்றி எம்-சீல் உருண்டை வைத்தால் கதாயுதம் ரெடி. மெல்லிய ஒயரை வளைத்துச் செருகினால் வால். முகத்தில் கொஞ்சம் எம்-சீல் வைத்து, ஈர விரலால் முன்னுக்கு இழுத்தால் குரங்கின் மூக்கும் வாயும் வந்துவிடும். எம்-சீல் சுமார் அரை மணி நேரம் குழைவாக இருக்கும். மறுநாள் காலை கல் போல இறுகிவிடும். முகச் சுருக்கம் போன்ற நுணுக்கங்களுக்கு இது சரிவராது. அதற்கு மேல்நாட்டில் 'கிரீன் ஸ்டப்' என்ற பசையைப் பயன்படுத்துகிறார்கள். வாலுக்கும் கதைக்கும் அது வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த மலிவு வீரர்கள் பாலிதீன் வகை பிளாஸ்டிக்கால் ஆனவர்கள். பெவிக்விக் சரியாக ஒட்டாது. நேரடியாகப் பூசிய வர்ணமும் உரிந்து வரும். அதனால்தான் ஒட்டாமல் ஊசியைச் செருகச் சொன்னேன். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, தண்ணீர் கலந்த பெவிகாலை ஒரு கோட் பூசி, அதன் மேல் அக்ரிலிக் வர்ணம் கொடுங்கள். பெவிக்ரில், கேமல் போன்ற சிறிய பாட்டில்கள் போதும். தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய கோட்டாகப் பூசினால் உருவத்தின் வரிகள் மறையாது. நம் ஊர் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். பழைய டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்து அதில் வர்ணம் கலந்தால் ஒரு மாலை முழுவதும் தாங்கும். ஸ்பிரே பிரைமர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஈரக் காற்றில் அது பனி படிந்தது போல வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும்.

சரி, கம்ப்யூட்டருக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. பூசாத பொம்மையை மொபைலில் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் சாப்ட்வேரில் திறந்து, வெவ்வேறு வண்ணங்களை நிரப்பிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கண்ட்ரோல் இசட். பிரஷ்ஷில் அந்த வசதி கிடையாது! பூசி முடித்த பின்னும் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் தெரியும். படைக்கான கொடிகளையும் கேடயச் சின்னங்களையும் நீங்களே வரைந்து அச்சிடலாம். அச்சிடும்போது 'பிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 2 செ.மீ. கொடி தாள் முழுவதும் போர்வை போல வந்து நிற்கும்.

இனி 3டி பிரிண்டர். பொம்மைகளுக்கு நல்லது ரெசின் பிரிண்டர்தான். அடுக்கு ஒன்றுக்கு 0.05 மி.மீ. என்ற நுணுக்கத்தில் செய்கிறது. நான் அதைத் திட்டவில்லை. ஆனால் இறுகாத ரெசின் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். கையுறை வேண்டும், காற்றோட்டமான தனி இடம் வேண்டும். அச்சானதைப் பெரும்பாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். கழுவிய திரவத்தை அப்படியே சாக்கடையில் ஊற்றக் கூடாது. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ இரண்டு பெட்ரூம் வீட்டில், குழந்தையும் வைத்துக் கொண்டு, இதை எங்கே வைப்பீர்கள்?

அடுத்தது பைல் விவகாரம். பிரிண்டருக்கு 'எஸ்டிஎல்' என்ற வகை பைல் தேவை. பொம்மையின் வடிவம் முழுவதும் அதில் இருக்கும். இவற்றில் பலவற்றைத் தனி ஆட்களே டிஜிட்டலில் செதுக்கி விற்கிறார்கள். ஒருவர் வாங்கிய பைல் பென் டிரைவில் பத்துப் பேருக்குப் போவதைப் பார்க்கிறேன். பர்மா பஜார் சிடி காலத்தில், "பெரிய கம்பெனிதானே, என்ன நஷ்டம்?" என்று சமாதானம் சொல்வார்கள். இங்கே அந்தச் சமாதானமும் இல்லை. சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கும் நாமே இப்படிச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. பைலோடு வரும் லைசென்சைப் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், அச்சிட்டு விற்பதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் அனுமதி இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் நாள் முழுக்க மானிட்டரைப் பார்த்துவிட்டு தாம்பரம் திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு, வீட்டிலும் இன்னொரு சாப்ட்வேர் முன்னால் உட்காருவது ஓய்வாகத் தெரியவில்லை. பத்துப் பொம்மைகளைக் கையால் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் ஒரு பெரிய ராட்சதன் வேண்டும் என்று தோன்றினால், அதை மட்டும் அச்சிட்டுத் தருபவரிடம் கொடுத்து வாங்கிக் கொள்ளலாம்.

படை தயாரானதும் விதிகளுக்குப் பணம் தேவையில்லை. வெல்ஸ் 1946ல் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி 60 ஆண்டுக் காப்புரிமை 2006ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. 'லிட்டில் வார்ஸ்' நூலை புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். அதன்படி காலாள் ஒரு முறைக்கு 1 அடி வரையும் குதிரை வீரன் 2 அடி வரையும் நகரலாம். உங்கள் ஹாலில் 2 அடி டைல்ஸ் போட்டிருந்தால் அளவுகோல்கூட வேண்டாம். குதிரைக்கு ஒரு டைல், வானரத்துக்கு அரை டைல்.