அட்டையில் ஏறட்டும் நம்ம சனங்க பேச்சு!



வரும் பொங்கலுக்கு நம் பள்ளியில் வாழ்த்து அட்டை செய்து விற்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அட்டைக்குள் என்ன எழுதப் போகிறோம்? "செல்போன்ல வந்த கவிதை நிறைய கிடக்கு, அதையே எடுத்துப் போட்டுடலாம்" என்கிறார்கள் சிலர். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

என் கருத்து இதுதான்: நம் அட்டையில் நம்மைச் சுற்றி இருக்கிறவர்கள் பேசுகிற வார்த்தைதான் இருக்க வேண்டும். பூக்கார அக்கா, சத்துணவு சமைக்கிற அம்மா, பஸ் கண்டக்டர் அண்ணன், டீக்கடைத் தாத்தா, நம்ம வீட்டுப் பாட்டி... இவங்க பேச்சு!

என்ன, சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. முதலில் வாழ்த்து அட்டை எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

நேரமில்லாமல் பிறந்த அட்டை

1843-ஆம் வருடம். லண்டனில் ஹென்றி கோல் என்று ஒருவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொன்னார். அதில் வாழ்த்தையும் சேர்த்து 1000 அட்டை அச்சடித்தார். யாருக்கு, யாரிடமிருந்து என்று நிரப்ப மட்டும் இடம் விட்டிருந்தார். ஒரு அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் வந்தது. அச்சடித்து விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுதான் என்கிறார்கள்.

ஆக, அட்டை பிறந்த அன்றே பெயர் மட்டும்தான் நம்முடையது. வார்த்தை அச்சகத்துடையது!

நம் அம்மா அப்பா படித்த காலத்தில் பொங்கல் வந்தால் கடை வாசலில் அட்டைகள் தொங்கும். பொங்கல் பானை, கரும்பு, காளை மாடு, சினிமா நடிகர் படம் எல்லாம் இருக்கும். உள்ளே வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அன்றைக்கு ஸ்டாம்ப் ஒட்டி, முகவரி எழுதி, தபால் பெட்டி வரைக்கும் நடக்கவாவது செய்தார்கள். இப்போது? ஒருத்தர் அனுப்பியதை இன்னொருத்தருக்குத் தள்ளி விடுகிறோம். ஒரே பானை, ஒரே கரும்பு, 20 பேரிடமிருந்து வருகிறது. இதில் நம்மை நினைத்து அனுப்பியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதையே அட்டையில் எழுதி விற்க நாம் எதற்கு?

ஜெயித்தவனுக்கு மட்டும்தானா வாழ்த்து?

கடை அட்டையில் இன்னொரு குறை. பிறந்த நாளா? அட்டை உண்டு. கல்யாணமா? உண்டு. பரீட்சையில் முதல் மதிப்பெண்ணா? அதற்கும் உண்டு. கணக்கில் 28 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து நிற்கிறவனுக்கு? அப்பாவுக்கு வேலை போன வீட்டுப் பிள்ளைக்கு? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்ட நம் தோழிக்கு?

அமெரிக்காவில் எமிலி மெக்டவல் என்ற பெண்மணிக்கு 24 வயதில் புற்றுநோய் வந்து, பிறகு குணமானது. சிகிச்சையைவிடத் தன்னை வாட்டியது தனிமைதான் என்று அவர் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமலே தெரிந்தவர்கள் பலர் ஒதுங்கிப் போனார்களாம். அதனால் 2015-ல் நோயில் இருப்பவர்களுக்காகவே தனியாக ஒரு அட்டை வரிசை வெளியிட்டார். அதில் உபதேசம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிநேகிதி எப்படிப் பேசுவாளோ, அந்தப் பேச்சு இருந்தது.

அந்த மாதிரிப் பேச்சுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன? காதில் விழுவதைக் கேளுங்கள்:

"விடு கண்ணு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

"நான் இருக்கேன்ல, எதுக்கு அழுற?"

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

கடைசி வரியைப் பாருங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போகிற அண்ணனுக்கும், ஹாஸ்டலுக்குப் போகிற அக்காவுக்கும் இதைவிடப் பொருத்தமான அட்டை எந்தக் கடையில் கிடைக்கும்?

பெரிய கவிஞர்தான் எழுத வேண்டும், பெரிய ஓவியர்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டை 1949-ல் வந்தது. அதிலிருந்த படத்தை வரைந்தது செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் 7 வயதுச் சிறுமி! போருக்குப் பிறகு தன் கிராமத்துக்குக் கிடைத்த உதவிக்கு நன்றி சொல்ல அவள் வரைந்தாள். காகிதம் கிடைக்காமல் கண்ணாடித் துண்டில் வரைந்தாளாம். அந்தப் படம்தான் அட்டையானது.

"பேச்சுத் தமிழ் பிழையாச்சே!"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளில் "பாத்துக்கலாம்" என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகட்டும். அது நியாயம்தான். ஆனால் அட்டை பரீட்சைத் தாள் இல்லையே! "கவலற்க, மறுமுறை முயல்க" என்று திருத்திப் போட்டால் இலக்கணம் சரியாக இருக்கும், பாட்டி காணாமல் போய்விடுவார்.

கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் என்ன செய்தார்? கிராமத்து சனங்கள் பேசுகிற சொற்களையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து, கரிசல் வட்டார வழக்குக்கென்று ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2021-ல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. மக்கள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை இருக்கும்போது நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வார்த்தை யாருடையது?

எனக்கே மனசில் உறுத்துகிற கேள்வி ஒன்று இருக்கிறது. பூக்கார அக்காவின் வார்த்தையை எடுத்து நாம் விற்றால், அது அவங்க சொத்தை எடுத்த மாதிரி ஆகாதா? கண்டிப்பாக ஆகும், கேட்காமல் எடுத்தால்! ஆகவே சில நிபந்தனைகள்:

1. சொன்னவரிடம் அனுமதி கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

2. பெயர் போடலாமா, "பூக்கார அக்கா" என்று மட்டும் போடலாமா என்பதை அவங்களே முடிவு செய்யட்டும்.

3. ஒருவர் வேதனையில் சொன்னதையோ, நாம் ஒட்டுக்கேட்டதையோ போடக் கூடாது. யாருடைய பேச்சையும் கேலிக்காக எழுதவே கூடாது.

4. முதல் அட்டை சொன்னவருக்கே. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நாமே படித்துக் காட்ட வேண்டும்.

5. ஒரு அட்டை 5 ரூபாய் என்றால், செலவு போக மிஞ்சுவதில் பாதி சொன்னவருக்கு, பாதி பள்ளிக்கு. "காசெல்லாம் வேணாம் தம்பி" என்று அவங்க சொன்னாலும், நாம் கொடுக்கத் தயாராகப் போக வேண்டும்.

செலவும் பெரிதில்லை. கெட்டியான ஏ4 தாள் ஒன்றை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டை. 20 தாளில் 40 அட்டை. படம் வரைய நம் ஓவியப் புலிகள் இருக்கிறார்கள். முத்து முத்தாக எழுத, இந்தச் சுவர் இதழை எழுதுகிற கைகளே போதும்!

நண்பர்களே, சத்துணவு அம்மா தினமும் நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டேதான் சோறு போடுகிறார். நாம் தட்டைப் பார்க்கிறோம், வார்த்தையைக் கேட்பதில்லை. அட்டைக்காகவாவது கேட்க ஆரம்பிப்போமே. அட்டை விற்காமல் போனாலும் அந்தக் கேட்ட பழக்கம் நஷ்டம் ஆகாது.

இன்று வீட்டுக்குப் போனதும் யாராவது ஒருவர் சொன்ன ஒரு வரியை, அவர் அனுமதியோடு, எழுதிக்கொண்டு வாருங்கள். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே! இந்தப் பலகைக்குக் கீழே ஒரு பெட்டி வைக்க தமிழாசிரியர் மனசு வைக்க வேண்டும். என்ன ஐயா, வைப்பீங்கதானே?



– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி