வரலாறு நான்ஜிங்கில் தொடங்குகிறது

பெண்களின் கோலூன்றித் தாண்டுதலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கே அமெரிக்காவின் ஸ்டேசி டிராகிலா 4.60 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆனால் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் ஏற்ற சாதனைப் பட்டியலில் முதல் பெயர் சீனாவின் சுன் சாய்யுனுடையது. 1992 மே மாதம் நான்ஜிங் நகரில் அவர் தாண்டிய 4.05 மீட்டர்தான் இந்தப் போட்டியின் முதல் உலக சாதனை. மூன்றாண்டு கழித்துத் தையுவானில் அதை 4.08 ஆக உயர்த்தினார். அன்றே சக வீராங்கனை ஜோங் குய்சிங்கும் அந்த உயரத்தைத் தாண்டினார். சுன் இந்தச் சாதனைகளைப் படைத்தபோது ஒலிம்பிக்கிலோ உலக சாம்பியன்ஷிப்பிலோ பெண்களுக்கு இந்தப் போட்டியே கிடையாது. ஆண்களுக்கோ 1896 முதல் உண்டு. அரங்கமே இல்லாத காலத்தில் உச்சத்தைத் தொட்டவரைப் பதக்கக் கணக்கால் அளப்பது அநீதி.

நான்கு மீட்டர் பெரிய உயரமா, இன்று இளைஞர்களே தாண்டுகிறார்களே என்று கேட்கலாம். ஆண்களின் முதல் அதிகாரபூர்வ உலக சாதனையைப் பாருங்கள்: 1912-இல் மார்க் ரைட் தாண்டியது 4.02 மீட்டர். அன்றைய கோல் வேறு, இன்றைய கண்ணாடியிழைக் கோல் வேறு. ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் தொடக்கம் எங்கும் தாழ்வாகத்தான் இருக்கும் என்பதற்கு இது சான்று. அதைவிட வலுவான சான்று 1995-ஆம் ஆண்டு. மே மாதம் 4.08 ஆக இருந்த சாதனையைச் செக் நாட்டின் டேனியலா பார்ட்டோவா மீண்டும் மீண்டும் உயர்த்தினார். நவம்பர் முடிவில் ஆஸ்திரேலியாவின் எம்மா ஜார்ஜ் 4.25-ஐத் தாண்டிவிட்டார். ஆறு மாதத்தில் பெண்ணின் தோள் வலிமை மாறிவிடாது. போட்டிகள் பெருகின, வேறு விளையாட்டுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், உயரம் ஏறியது. இந்தியாவில் 2022-இல் தமிழ்நாட்டின் ரோசி மீனா பால்ராஜ் படைத்த தேசிய சாதனை 4.21 மீட்டர். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே 4.05 தாண்டிய சுன் சாய்யுனின் அருமை அதைப் பார்க்கையில் விளங்கும்.

சீன அரசு சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பதக்கத்துக்காகப் பழக்குகிறது, இதில் தனிமனிதப் பெருமை என்ன என்றும் சிலர் கேட்பார்கள். அந்த முறையின் கடுமையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. ஆனால் ஒலிம்பிக் பதக்கமே இல்லாத ஒரு போட்டியில் சுன் உழைத்தார் என்பதை அந்தக் குற்றச்சாட்டு விளக்குவதில்லை. அவருக்குப் பின் சீனாவின் சாய் வெய்யான் 1997 பாரிஸ் உலக உள்ளரங்கப் போட்டியில் வெண்கலம் பெற்றார். இன்ச்சான், ஜகார்த்தா, ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் அதே நாட்டின் லி லிங் தங்கம் வென்றார். 2019-இல் ஷாங்காயில் 4.72 மீட்டர் தாண்டினார். பதக்கங்கள் இவர்கள் பெயரில் இருக்கின்றன, பாதை சுன் சாய்யுன் போட்டது. அவரைப் போல் அரங்கத்துக்காகக் காத்திருப்போர் இன்றும் உண்டு. பெண்களின் டெக்காத்லானுக்கு உலக சாதனைப் பட்டியல் இருக்கிறது, ஒலிம்பிக்கில் இடமில்லை. அங்கே பல்போட்டிப் பந்தயத்தில் ஆண்களுக்குப் பத்துப் போட்டிகள், பெண்களுக்கு ஏழுதான். அந்த ஏழில் கோலூன்றித் தாண்டுதல் இல்லை. பெண்களின் டெக்காத்லானை ஒலிம்பிக்கில் சேர்க்க இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.