பெயிண்ட் ரிமூவர்: எச்சரிக்கை வாசகம் காப்பாற்றாது

பழைய கதவில் ஏறிக் கிடக்கும் நான்கைந்து பூச்சு இனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க ஒரு நாள் கூலி போய்விடும். பெயிண்ட் ரிமூவரைத் தடவினால் சில நிமிடங்களில் பூச்சு சுருங்கிப் பொங்கி, மரத்தை விட்டுத் தானே எழும்பி நிற்கும். பட்டி பிளேடால் வழித்தெடுத்துவிடலாம். பல ரிமூவர்களில் இந்த வேகத்தைத் தருவது மெத்திலின் குளோரைடு என்ற கரைப்பான். ரசாயன வியாபாரிகள் எம்.டி.சி. என்பார்கள். ஹார்டுவேர் கடையில் தின்னருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த டப்பாவை யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். அந்த நிலை மாற வேண்டும். ரசாயனத்தையே ஒழிக்க வேண்டும் என்று கோரவில்லை. மருந்து ஆலைகளில் மூடிய கலன்களுக்குள் அதற்குத் தவிர்க்க முடியாத பயன்கள் உண்டு. மேட்டூரிலேயே அது தயாராகிறது. ஆனால், பெயிண்ட் உரிக்கும் சரக்காக அது சில்லறைக் கடைக்கு வரவே கூடாது.

கவனமாகப் பயன்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். இந்தக் கரைப்பானின் தன்மை அந்தக் கவனத்துக்கு இடம் தருவதில்லை. சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே இது கொதித்துவிடும். வேலூரிலும் கரூரிலும் சித்திரை வெயில் அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. இதன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது என்பதால் குனிந்து வேலை செய்பவரின் முகத்தைச் சுற்றியே தேங்கும். மூக்குக்கு வாசனை எட்டுவது காற்றின் 10 லட்சம் பங்கில் 250 பங்கு அளவில்தான். அமெரிக்கா தொழிலாளர்களுக்காக 1997இல் வகுத்த எட்டு மணி நேர வரம்போ வெறும் 25 பங்கு. வாசனை தெரியும்போது அபாயம் பத்து மடங்கு ஆகியிருக்கும். சாதாரண ரப்பர் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கரி வடிகட்டி வைத்த முகமூடியும் நம்பத்தக்கதல்ல. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்றைத் தரும் கருவிதான் உதவும். தினக்கூலிக்கு வரும் பெயின்டரிடம் அதை எதிர்பார்ப்பது ஏமாற்று வேலை.

உடலுக்குள் போனால் இரண்டு வழிகளில் தாக்குகிறது. மயக்க மருந்துபோல மூளையைத் தளர்த்தி மூச்சை நிறுத்துவது ஒன்று. கல்லீரலில் சிதைந்து கார்பன் மோனாக்சைடாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்வது இன்னொன்று. கொழுப்பில் தங்கிய கரைப்பானிலிருந்து, அறையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த நச்சு வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது வழி 1972இலேயே அமெரிக்க ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. வீட்டின் கீழ்த்தளத்தில் மரச்சாமான் ஒன்றுக்கு ரிமூவர் போட்ட முதியவருக்கு மாரடைப்பு வந்ததும், தேறியபின் அதே வேலைக்குத் திரும்பியவருக்கு மீண்டும் வந்ததும், கடைசியில் அவர் இறந்ததும் 1976இல் மருத்துவ இதழில் பதிவாயின. அப்படியும் அங்கே வீட்டு உபயோக விற்பனைக்குத் தடை வர 2019 ஆயிற்று. 1980 முதல் 2018 வரை அந்த நாட்டில் இந்தக் கரைப்பானால் நேர்ந்த 85 மரணங்களை ஓர் ஆய்வு தொகுத்திருக்கிறது. அவற்றில் 74 வேலை செய்யும் இடத்தில் நிகழ்ந்தவை.

அந்த 74 என்ற எண்தான் நமக்கு முக்கியமான பாடம். 2017இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்மொழிந்த தடை, பெயிண்ட் உரிக்கும் தொழில்முறைப் பயன்பாட்டையும் சேர்த்தே இருந்தது. 2019இல் இறுதி விதி வந்தபோது பொதுமக்களுக்கான விற்பனை மட்டும் தடைபட்டது. அதிகம் இறந்துகொண்டிருந்த தொழிலாளர்கள் விடுபட்டார்கள். அவர்களுக்கான விதி வர 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. ‘தொழில் தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார்’ என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு, 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலையில் இறந்த 13 பேர் சாட்சி. அவர்கள் பயன்படுத்திய பத்து வகைச் சரக்குகளில் ஆறு, விமானத் தொழிலுக்கென்று விற்கப்பட்டவை. குளியல் தொட்டி என்ற பேச்சே எந்த டப்பாவின் மேலும் இல்லை. கடையைத் தாண்டிய சரக்கு எந்த அறைக்குள் போகும் என்பதை லேபிள் தீர்மானிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதை முன்பே உணர்ந்து, எடையில் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இந்தக் கரைப்பான் உள்ள ரிமூவர்களைப் பொதுமக்களுக்கும் தொழில்முறையாளர்களுக்கும் விற்பதை 2011 இறுதியில் நிறுத்தியது. உறுப்பு நாடுகள் பயிற்சி பெற்றவர்களுக்கு விலக்கு தர இடம் வைத்தாலும், பொது விதி தடைதான்.

‘இங்கே அப்படி யாரும் சாகவில்லையே’ என்பது அடுத்து வரும் வாதம். பூட்டிய அறையில் வேலை பார்த்த பெயின்டர் சரிந்து விழுந்தால் ‘நெஞ்சு வலி’ என்றே எழுதப்படும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடைத் தேடுவதற்கு, அருகில் கிடந்த டப்பாவை முதலில் யாராவது சந்தேகித்திருக்க வேண்டும். தேடாத இடத்தில் கணக்கு இருக்காது; கணக்கு இல்லாததை ஆபத்து இல்லாததற்குச் சான்றாகக் காட்ட முடியாது. தொழிற்சாலைகளுக்கான சட்டப் பாதுகாப்பும் வீடு வீடாகப் போகும் பெயின்டரைத் தொடுவதில்லை.

மாற்று என்ன என்ற கேள்வி நியாயமானது. அவசரப்பட்டுப் பதில் சொன்னால் ஓர் ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவோம். மாற்றாகச் சொல்லப்பட்ட என்.எம்.பி. என்ற கரைப்பான் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. காய்ந்த பூச்சை அப்படியே தேய்த்தால் பழைய பெயிண்டில் உள்ள ஈயம் தூளாகப் பறந்து குழந்தைகளின் உடலுக்குள் போகும். பென்சைல் ஆல்கஹால் கலந்த ரிமூவர்கள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. ஆனால் ஊற மணிக்கணக்கு ஆகும், விலையும் கூடுதல். நனைத்துத் தேய்ப்பதும், அளவான சூட்டில் ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டுவதும் கையில் உள்ள வழிகள்தான். இவற்றால் வேலை ஒரு நாள் நீளும் என்பது உண்மை. அந்த ஒரு நாள் கூலியை வீட்டுக்காரர் தர வேண்டும். பெயின்டர் தன் உயிரை வைத்து அதை மிச்சம் பிடித்துத் தரக் கூடாது.

சட்டம் போட்டால் யார் மதிக்கப்போகிறார்கள் என்ற அலுப்புக்கும் காரணம் இருக்கிறது. ஆசிட் விற்பனைக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் பதிவேடும் அடையாளச் சான்றும் கட்டாயமாக்கியது. கடைக்காரரையும் வாங்குபவரையும் ஆயிரக்கணக்கான கல்லாக்களில் கண்காணிக்க வேண்டிய விதி என்பதால் அது தடுமாறுகிறது. ஆனால், சரக்கின் உள்ளடக்கத்துக்கே வரம்பு வைத்தால் கண்காணிக்க வேண்டியது தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும்தான். அதற்கு நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் 2016இல் வந்த விதி, வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவை 10 லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டத்தின்கீழ் மத்திய அரசு, 0.1 சதவீதம் அல்லது அதற்கு மேல் மெத்திலின் குளோரைடு உள்ள பெயிண்ட் ரிமூவரைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்ய வேண்டும். பெரிய ஆலைகளுக்கு விலக்கு தருவதானால், காற்றோட்ட ஏற்பாட்டை நேரில் ஆய்வு செய்த பிறகே தர வேண்டும். பெயின்டர்களை உறுப்பினர்களாகக் கொண்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் மூலம் மாற்று முறைகளில் பயிற்சியும் ஹீட் கன்னுக்கு மானியமும் தருவது தமிழக அரசால் இப்போதே முடியும். அமெரிக்கா 47 ஆண்டுகள் தயங்கியதற்கு, அறிவியல் தெளிவாகவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. எல்லாம் தெரிந்த பிறகு சட்டம் எழுத உட்காரும் நமக்கு அந்தச் சாக்கு அறவே கிடையாது.