மேகத்துக்கு அப்பால் ஒரு பெயர்

காரைக்காலையும் அதனோடு சேர்ந்த எங்கள் திருமலைராயன்பட்டினத்தையும் 1954 வரையில் ஆண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள் இக்கரைக்கு அனுப்பிவைத்தவர்களில் துய்ப்ளே, புஸ்ஸி முதலானோரின் பெயர்கள் புதுச்சேரியிலும் சரித்திரப் புத்தகங்களிலும் கௌரவமாக நிலைத்திருக்க, ஆகாயத்தைப் பார்ப்பதற்கென்றே வந்த கியோம் லெ ழான்தி என்னும் வானசாஸ்திரியை மட்டும் உலகம் துரதிருஷ்டத்துக்கு ஓர் உதாரணமாகவே நினைவில் வைத்திருப்பது எனக்கு நெடுநாளாக மனம் ஒப்பாத விஷயம்.

அவருடைய கதை பிரசித்தமானது. 1761 ஜூன் 6ஆம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து அளந்துவரும்படி பாரிஸ் அகாதமி அவரை அனுப்பியது. ஆனால் கப்பல் மலையாளக் கரையை எட்டியபோதே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி கிடைத்தது. காரைக்கால் அதற்கு முந்தின வருஷமே விழுந்திருந்தது. கப்பல் திரும்பியது, குறித்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தின்மேல் நின்று, காட்சியைக் கண்டும் உருப்படியாக எதையும் அளக்க இயலாதவராயிருந்தார். அடுத்த முறை எட்டு வருஷம் கழித்துத்தான், அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் இல்லை என்பதால், இந்துமாக்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் காலத்தைக் கழித்துவிட்டு, ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் 1768இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இடிந்த கோட்டையின்மீது அவருக்கு ஓர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. 1769 ஜூன் 3ஆம் தேதி இரவு கவர்னர் லா தெ லோரிஸ்தோனுடன் வியாழனின் துணைக்கோளைத் தெளிவாகப் பார்த்துவிட்டுப் படுத்தவர், விடிவதற்குள் எழுந்தபோது வானம் முழுவதும் மேகம். வெள்ளி சூரியனை விட்டு நீங்கியபின்தான் மேகமும் நீங்கியது. காளமேகப் புலவரின் கோபத்தால் மண்மாரியே பொழிந்தது என்று கதை சொல்லும் எங்கள் ஊரார்கூட இத்தனை கொடிய மேகத்தைக் கேள்விப்பட்டதில்லை. பதினோரு வருஷத்துக்குமேல் அலைந்து 1771இல் வீடு திரும்பினால், இறந்துவிட்டாரென்று முடிவுகட்டி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

இந்தக் கதையின் சுவையிலேயே நாம் நின்றுவிடுகிறோம். புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம்மவர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார் என்பதும், காகிதமும் பேனாவுமின்றிச் சோழிகளை நகர்த்தியே போடப்பட்ட அந்தக் கணக்கு 1765 ஆகஸ்டு 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவில் 41 விநாடியே பிசக, மேயர் என்னும் ஐரோப்பிய வானசாஸ்திரியின் அட்டவணை 68 விநாடி பிசகியது என்பதை அவரே மறைக்காமல் எழுதிவைத்தார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. இக்கரைக்குப் புறப்படுவதற்குப் பல வருஷங்கள் முன்னதாக, 1749 அக்டோபர் 29ஆம் தேதி, இருபத்து நான்கே வயதான லெ ழான்தி, பாரிஸில் ஆந்திரமேதா மண்டலத்தின் பக்கத்தில் சின்னஞ்சிறு புகைத்திட்டு ஒன்றைக் கண்டு குறித்தார். இன்று எம்32 என வழங்கும் அது, நம்மிடமிருந்து ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள தனியொரு விண்மீன் மண்டலம். அதன் நடுமையத்தை நெருங்க நெருங்க நட்சத்திரங்களின் வேகம் மிதமிஞ்சிப் போவதை 1980களில் அளந்தறிந்தவர்கள், அவற்றை இழுத்துச் சுழற்றுவது கண்ணுக்குப் புலப்படாத ஒரு கருந்துளையாகவே இருக்கவேண்டும் என்று அனுமானித்தார்கள். பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியும் அதை உறுதிசெய்தது. சூரியனைப்போல் 25 முதல் 30 லட்சம் மடங்கு வரை நிறையுள்ளது அது. சூரியன்மேல் ஒரு கரும்புள்ளியைத் தேடி வாழ்நாளில் பாதியைத் தொலைத்ததாக நாம் இரங்கும் மனிதர், இத்தகையதொரு பெரும் கருமையின் இருப்பிடத்தை இளமையிலேயே கண்டுவிட்டிருந்தார்.

அவர் தேடியது வேறு, கண்டது வேறு என்றும் சொல்வதற்கில்லை. வெள்ளியின் அந்தக் கடப்பை அளப்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை, அதாவது இன்று 15 கோடி கிலோமீட்டர் என்று நாம் அறிந்திருக்கும் முழக்கோலை, வகுப்பதற்காக. அந்தக் கோலைக்கொண்டு அருகிலுள்ள நட்சத்திரங்களின் தூரமும், அவற்றைக்கொண்டு ஒளி கூடிக்குறையும் செபீடு நட்சத்திரங்களின் தூரமும் படிப்படியாக அளக்கப்பட்டு, 1923இல் ஹப்பிள் என்னும் அமெரிக்கர் ஆந்திரமேதாவில் அத்தகைய நட்சத்திரத்தைக் கண்டபோதுதான் அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ளதென்பது நிரூபணமாயிற்று. தூரம் தெரியாதவரை எதுவும் புரிவதில்லை. 1885இல் ஆந்திரமேதாவில் திடீரென்று ஒரு நட்சத்திரம் ஒளிர்ந்தபோது, அதைச் சாதாரணமான புதுநட்சத்திரம் என்றே எண்ணியவர் பலர். அத்தனை தொலைவிலிருந்து அவ்வளவு ஒளி வந்ததென்றால் அது ஒரு நட்சத்திரம் அடியோடு வெடித்த சம்பவமாயிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் விளங்கிற்று. வானசாஸ்திரிகளான பாடேயும் ஸ்விக்கியும் 1934இல் சூப்பர்நோவா என்று பெயர் சூட்டிய வகையைச் சேர்ந்தது அது.

லெ ழான்தி அளக்கத் தவறியதைப் பல தேசங்களில் பிறர் அளந்துவிட்டார்கள். சாஸ்திரத்துக்கு நஷ்டமொன்றும் இல்லை.

எங்கள் கரையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கே உரியவை. தை மாதத்து முன்னிரவில் வடமேற்கே பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்கள் கூடியமைந்த பெரிய சதுரத்தையும், அதற்கு வடகிழக்கே மங்கலாய்த் தோன்றும் ஆந்திரமேதாவையும் பார்க்கலாம்; கீழவாஞ்சூர்த் துறைமுகத்தின் விளக்குகள் தெற்கே எரிவதால் வடமேற்குத் திசை இன்னும் ஓரளவு இருட்டாகவே இருக்கிறது. எம்32 வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிறிய தொலைநோக்கி போதும். அப்படி ஒன்று பூட்டிய அலமாரியில் கிடக்கும் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வதெல்லாம், அதை ஓர் இரவாவது கடற்கரைக்கு எடுத்துவந்து, பிள்ளைகளுக்கு முதலில் லெ ழான்தி கண்ட மண்டலத்தைக் காட்டுங்கள் என்பதே. மேகத்தின் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.