ஒரு பை நிறையக் குளிசைகள்

சென்ற மாரியில் ஒருநாள் காலை, எங்கள் ஒழுங்கையில் தனியே வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் அடுக்களையில் நினைவிழந்து கிடந்தார். 2018 யூலையில் வடக்குக்கு வந்த 1990 சேவையை அழைத்தோம். நோயாளர் காவுவண்டி விரைந்து வந்தது. உடன் சென்ற என்னிடம், "அம்மா என்ன மருந்து பாவிக்கிறவ?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கனடாவிலிருக்கும் மகளுக்கும் தெரியவில்லை. கிளினிக் கொப்பியையும் காணோம். அலுமாரியில் இருந்த ஒரு சொப்பிங் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அதற்குள் அரச கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், தனியார் மருத்துவர் எழுதிய குளிசை அட்டைகள், மகள் அனுப்பிய போத்தல்கள் எல்லாம் கலந்து கிடந்தன. சில உறைகளில் எழுத்தே அழிந்திருந்தது.

குருதியில் சீனி மிகக் குறைந்திருந்தது. குளுக்கோசு ஏற்றியதும் அம்மையார் கண் விழித்தார். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். ஆனால் பையைக் கிளறிய இளம் மருத்துவர் விடவில்லை. ஓர் உறையில் கிளிக்கிளசைட். ஓர் அட்டையில் டயமிக்ரோன். பெயர் இரண்டு, மருந்து ஒன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் இரு மருத்துவர்கள் கொடுத்ததை, அம்மையார் தவறாமல் விழுங்கியிருக்கிறார். குளுக்கோசு தீர்ந்த பின்னரும் அம்மருந்தின் வேலை நீடிக்கும். சீனி மீண்டும் விழக்கூடும். ஆகவே மறித்து வைத்துக் கவனித்தார்கள். அந்தப் பை வீட்டிலேயே கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ண விரும்பவில்லை.

நினைவிழந்தவருக்காக அவருடைய மருந்துப் பட்டியலே பேசவேண்டியிருக்கிறது. வோர்பரின் எடுப்பவர் விழுந்தால் வெளியே சிறு வீக்கம்தான் தெரியும். உள்ளே மூளையைச் சுற்றிக் குருதி கசியலாம். அற்றினலோல் எடுப்பவருக்குக் குருதி இழப்பு ஏற்பட்டாலும் நாடி வேகம் கூடாமல் இருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாதாரண நோவு மருந்தே தீங்காகலாம்.

அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் உருவானபோது, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே வாதிட்டார். அன்று விலையே பெரிதாகப் பேசப்பட்டது. அந்தக் கொள்கையின் இன்னொரு பயனை அன்றுதான் கண்டேன். பிள்ளைகள் பல நாடுகளில் வாழும் ஒரு சமூகத்துக்கு, எந்த நாட்டு மருத்துவருக்கும் பெரும்பாலும் விளங்குவது பொதுப்பெயர்தான்.

அரச கிளினிக்கும் தனியார் சிகிச்சையும் ஒரே பதிவில் சேரவேண்டும்; அவசர சிகிச்சைப் பிரிவில் அது உடனே திறக்கவேண்டும். அது அரசின் கடமை. அதுவரை நாம் காத்திருக்க முடியாது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்குப் பேசும்போது, "சாப்பிட்டீங்களோ?" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு உறையையும் வாசிக்கச் சொல்லுங்கள். பொதுப்பெயர், அளவு, வேளை, எந்த நோய்க்கு, யார் தந்தது, எந்த மருந்து ஒவ்வாது, முன்னர் செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் செய்யுங்கள். ஒரு படம் உங்கள் தொலைபேசியிலும் இருக்கட்டும். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தச் சொல்லவேண்டாம். பட்டியலை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அம்மையாரின் பட்டியலை நானே எழுதினேன்: பதினொரு மருந்துகள். வீடு திரும்பி என்னுடையதை எழுத உட்கார்ந்தேன். ஆறில் இரண்டு எதற்கென்று எனக்கே தெரியவில்லை.