மலைக்குப் போகாதே என்று சொன்னால் போதுமா?

புவியியல் ஆசிரியையாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் படிவம் நான்கு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். "கொடிமலைக்குப் போயிருக்கிறீர்களா?" வகுப்பில் எல்லாக் கைகளும் உயரும். "நடந்து ஏறியவர்கள் யார்?" என்றால் ஒன்றிரண்டு கைகள் மட்டும் நிற்கும். அவையும் பையன்களின் கைகள். "வீட்டில் சொல்லிவிட்டுப் போனீர்களா?" என்று கேட்டதும் அந்தக் கைகளும் இறங்கிவிடும்.

பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்த இறங்கிய கைகள் என்னை விடவில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் அந்தக் கொடிமலை தெரிகிறது. 833 மீட்டர் உயரம். அதன் சரிவெல்லாம் மழைக்காடு, காட்டுக்குள் ஓடைகள், ஓடைகளில் அருவிகள். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மலையில் நம் பிள்ளைகள் திருட்டுத்தனமாக நடக்கிறார்கள், அல்லது நடப்பதே இல்லை. மலை, ஆறு, அருவி என்றாலே நம் வீடுகளில் ஒரே பதில்: வேண்டாம்.

அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடா மாநிலத்தில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் ஆறு பேரின் உயிரைக் கொண்டுபோனது. மலாய்க்காரர்கள் இதைக் 'கெபாலா ஆயர்' என்பார்கள். மலை உச்சியில் கொட்டும் மழை, அடித்து வந்த மரமும் கல்லும் அடைத்துக்கொண்ட ஓடையில் தேங்கி, அடைப்பு உடைந்ததும் ஒரே மூச்சில் இறங்கும். கீழே குளத்தில் குளிப்பவர் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம்தான். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே எங்கோ லாரி வருவது போல ஓர் இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, பை, கைப்பேசி எதையும் எடுக்காமல் கரையேறி உயரத்துக்கு ஓட வேண்டும். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது.

இந்த நான்கைந்து வரிகள் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? என் கவலை அங்கேதான் இருக்கிறது. "போகாதே" என்ற சொல்லில் இந்த அறிவு எதுவும் இல்லை. போகாதே என்று மட்டும் கேட்டு வளர்ந்த பையன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, காலில் சிலிப்பரும் கைப்பேசியில் கால்வாசி சார்ஜுமாக, நண்பனின் மோட்டார் சைக்கிளில் தீத்தி கெராவாங் அருவிப் பக்கம் போகத்தான் போகிறான். வீட்டில் சொன்னால் விட மாட்டார்கள் என்பதால் சொல்லாமல் போகிறான். தேட வேண்டி வந்தால் எங்கே தேடுவது என்றுகூட யாருக்கும் தெரியாது. தடை அவனை ஆபத்திலிருந்து காப்பாற்றவில்லை. உதவிக்கு வரக்கூடியவர்களிடமிருந்துதான் மறைத்து வைத்திருக்கிறது.

நமக்குக் காடு புதிதில்லை. என் அம்மா கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் நிரைக்குப் போகும்போது மேகத்தைப் பார்த்தே அன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். மரப்பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, அன்றைய கூலி போச்சு. ஆகவே வானத்தைப் படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். அட்டை கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வழித்துவிடுவது, விழுந்த மரத்தைத் தாண்டுமுன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது, ஓடையில் கால் வைக்குமுன் கம்பு ஊன்றி ஆழம் பார்ப்பது, இதெல்லாம் அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. ஜெலுத்தோங்கிலும் பாயா தெருபோங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள். காட்டில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. பயம் மட்டும் சேர்ந்தது.

இன்று இந்த நாட்டின் மலையேறிகள் விரும்பி அணிவது எது தெரியுமா? 'கம்போங் அடிடாஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. அடியில் முள்முள்ளாக இருக்கும். ஈர மண்ணில் வழுக்காது, நனைந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், விலையும் மலிவு. பால்வெட்டுத் தொழிலாளிகள் அணிந்த காலணி அது. அம்மாவுடையது எங்கள் பின்வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இப்போது அதே மாதிரி ஒரு ஜோடி என்னிடமும் இருக்கிறது.

தண்ணீர்மலை என்று நாம் அழைக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்கு 513 படிகள் ஏறி அருள்மிகு பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்கிறோம். அந்தப் பெயரில் உள்ள தண்ணீர், கோயிலுக்குப் பின்னால் காட்டுக்குள் விழும் அருவி. முருகனின் பழைய சன்னிதி அந்த அருவி அருகில் இருந்தது என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் அங்கே நீர்த்தேக்கம் கட்டியபோதுதான் இடம் மாறியது என்றும் சொல்லப்படுகிறது. அருவி இன்று நீர் விநியோகக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. குடிநீர் எடுக்கும் இடம் என்பதால் அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நீரைத் தரும் காட்டின் மற்றப் பாதைகள் திறந்தே கிடக்கின்றன. 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குச் சற்று முன்னாலேயே 'மூன் கேட்' இருக்கிறது. சாலையோரம் நிற்கும் வட்ட வடிவ வெள்ளை வாசல். அதற்குள் நுழைந்தால் ஏற்றம்தான்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் என் தங்கை மகளை அங்கே அழைத்துப் போனேன். படிவம் இரண்டில் படிக்கிறாள். காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கினோம். முதல் கால் மணி நேரம்தான் மிகக் கடினம். உடம்பு சூடாகுமுன் செங்குத்தான படிகள் வந்துவிடுகின்றன. பாதி மனிதன் அமைத்தவை, மீதி மரங்களின் வேர்கள். காற்றே கிடையாது. வியர்வை ஆவியாகாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். "பெரியம்மா, இன்னும் எவ்வளவு?" என்று அவள் கேட்டபோது, அடுத்த வளைவு வரை என்றேன். அடுத்த வளைவிலும் அதையே சொன்னேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கறுங்குரங்குகள் மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பூங்காவில் உணவுப் பொட்டலத்தைப் பிடுங்கும் குரங்குகளையே பார்த்தவள், இவை தளிரைப் பறித்து நிதானமாகத் தின்பதைக் கண்டு வாயடைத்து நின்றாள். அதன் பிறகு எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் நிலையத்தில் ஒரு கொட்டகை உண்டு. சீனப் பெரியவர்கள் சிலர், யாரும் கூலி தராமல், பாதையைச் செப்பனிடுகிறார்கள். தண்ணீர் சுமந்து வந்து சுடச்சுடத் தேநீர் போட்டு வைக்கிறார்கள். விருப்பப்பட்டதைப் பெட்டியில் போடலாம். எழுபதைத் தாண்டிய ஒருவர் அவள் கையில் ஒரு குவளையைக் கொடுத்துவிட்டு என்னிடம் மலாயில் கேட்டார்: "உங்க ஆளுங்க ஏன் மேல வர்றதில்ல? கோயில் படி ஏறுறீங்களே." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அங்கிருந்து மேலே 84 என்ற இளைப்பாறும் இடத்துக்குப் போவதாக எங்கள் திட்டம். கொட்டகையில் இருக்கும்போதே தூரத்தில் இலைகளின் மேல் ஓர் ஓசை வர ஆரம்பித்தது. துளி இன்னும் எங்கள் மேல் விழவில்லை. பெரியவர் வானத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இறங்கிவிட்டோம். அவளுக்கு ஏமாற்றம்தான். கீழே பேருந்துக்குக் காத்திருக்கும்போது பாதி வழியில் திரும்பியதன் காரணத்தைப் படம் போட்டுக் காட்டினேன். இந்தத் தீவு கருங்கல்லால் ஆனது. பாறை மேல் மண் சில இடங்களில் மெல்லிய போர்வைதான். சரிவு செங்குத்து. பெய்த நீருக்கு ஊறி நிற்க இடம் போதாது, ஓடைகள் குறுகியவை, மேலே பெய்தது விரைவில் கீழே வந்துவிடும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த பெருமழையில் கொடிமலைச் சாலையே பல இடங்களில் சரிந்தது அவளுக்குத் தெரியாது, அப்போது சின்னப் பிள்ளை. எங்களுக்கு இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் மழை கனக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. இவ்வளவும் பாடநூலில் உண்டு. தேர்வுக்கு எழுதியும் இருப்பாள். அன்று நனைந்த காலோடு கேட்டபோதுதான் அது அவளுக்குச் செய்தியானது.

தமிழ்நாட்டில் நடந்ததைக் கவனித்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் தடை வந்தது, பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமித்தது. அவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகும் அவர்கள் மலையைப் பூட்டிவிடவில்லை. தெரிந்தவரோடு போ என்று வழி செய்தார்கள்.

நம் நாட்டிலும் அதற்கான கட்டமைப்பு இருக்கிறது. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, மீறினால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை. பயிற்சி பெற்ற மலை வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். யார் திரும்பவில்லை என்பது அங்கே பதிவேட்டில் தெரியும். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையையும் அதன் காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. எல்லாம் இருக்கிறது, அதற்குள் நம் பிள்ளைகளை நடத்திப் போகும் ஏற்பாடு ஒன்றைத் தவிர.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறாம் ஆண்டு மாணவர்கள், யூபிஎஸ்ஆர் தேர்வு நீங்கிய இந்தக் காலத்திலாவது, புறப்பாட நடவடிக்கையாக ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற வழிகாட்டியோடு ஒரு காட்டுப்பாதையில் நடக்கட்டும். உச்சிக்குப் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லை. ஓர் ஓடையைப் பாதுகாப்பாகக் கடப்பது, கலங்கும் நீரை அடையாளம் காண்பது, வழி தவறினால் அலையாமல் ஓரிடத்தில் நிற்பது, 999க்கு அழைத்து எந்தப் பலகையின் அருகில் இருக்கிறோம் என்று சொல்வது, இந்த நான்கையும் காட்டிலேயே செய்து பார்க்கட்டும். பெற்றோரில் ஒருவரும் உடன் வந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் பிறகு அந்த வீட்டில் மலையைப் பற்றிப் பேச முடியும். பாதை பிரியும் இடங்களிலும் அருவிக் கரைகளிலும் எண்ணிட்ட பலகைகள் கூடுதலாக வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கல்விக்கு உதவுகிற அமைப்பு. தண்ணீர்மலைக் கோயிலும் அதன் நிர்வாகத்தில் இருக்கிறது. தைப்பூசம் வருவது வறண்ட மாதங்களில். விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை அந்தக் கோயிலடியிலிருந்தே மாணவர் நடை ஒன்றைத் தொடங்கிவைக்க வாரியம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஒரு வகுப்புக்குப் பகிர்ந்தால் வழிகாட்டியின் கட்டணம் பெரிதில்லை, காலணி மலிவு என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். எனக்குக் கடினமாகத் தெரிவது இன்னொரு கேள்வி. எங்கள் அடுக்குமாடியில் ஒரு தாய் மின்தூக்கியில் கேட்டார்: "டீச்சர், பையன்னா சரி. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மலை?"

அவருடைய மகள் நாட்டியம் ஆடுகிறாள். இரண்டு மணி நேரம் அரைமண்டியில் நிற்பாள். என் வகுப்பில் நடந்து ஏறியவர்கள் யார் என்ற கேள்விக்கு உயர்ந்த கைகள் பையன்களுடையவை என்றேன். பெண் பிள்ளைகள் திருட்டுத்தனமாகக்கூடப் போகவில்லை. கேட்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை. என் அம்மா விடியுமுன் இருட்டில், தலையில் விளக்கோடு, இரண்டு வாளியைச் சுமந்து மேடும் பள்ளமுமான நிரையில் தனியாக நடந்தபோது யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இதைத்தான் அந்தத் தாயிடம் சொன்னேன். அடுத்த விடுமுறையில் அவர் மகளும் எங்களோடு வருகிறாள். பள்ளிகள் இந்த நடையைத் தொடங்கினால், பெயர்ப்பட்டியலில் பாதி பெண் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அதைத் தலைமையாசிரியர்கள் முதல் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.