பூனை பஞ்சாங்கம் பார்க்குமா?

எங்கள் வீட்டுச் சின்னிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. "ஆறு மாதம் நிறையட்டும், கருத்தடை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகலாம்" என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்!

என் சிநேகிதியின் தங்கை ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில், கால்நடை நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் என் சங்கடத்தைச் சொன்னேன்.

"எங்கள் வகுப்பிலும் இதே வழக்குத்தான், அக்கா" என்று சிரித்தாள்.

அங்கே மூன்று கட்சியாம். 'ஆறு மாதமாகட்டும், உடம்பு தேறட்டும்' என்பது பழைய கட்சி. 'பருவம் வருமுன், நான்கு மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்' என்பது புதிய கட்சி. 'ஒரு தடவையாவது தாயாகட்டுமே, பாவம்!' என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டாம்.

"நீ எந்தக் கட்சி?"

"நான்கு மாதக் கட்சி! மேற்கு ஆஸ்திரேலியாவில் 2013 நவம்பர் முதல் சட்டமே இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று. கான்பெர்ராவில் மூன்றே மாதம். ஆனால் பூனை சட்டம் படிப்பதில்லையே! நான்கு மாதத்திலேயே பருவமடைகிற குட்டிகள் உண்டு. கர்ப்பமோ ஒன்பது வாரந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்!"

"அத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா, அம்மா?"

"அங்கேதான் நர்ஸுக்கு வேலை. குட்டியின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போகும். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கும். அதனால் இரவெல்லாம் பட்டினி போடக் கூடாது. கதகதப்பாக வைத்திருந்து, நன்றாக விழித்ததும் கொஞ்சம் ஆகாரம் கொடுக்க வேண்டும். அப்படிக் கவனித்தால், பெரிய பூனைகளைவிடக் குட்டிகளே சீக்கிரம் எழுந்து ஓடும்."

ஒரு பிரசவம் ஆவதால் பூனையின் ஆரோக்கியத்துக்கு லாபம் ஒன்றுமில்லையாம். சீக்கிரமே ஆபரேஷன் செய்தால், பிற்காலத்தில் மடியில் புற்றுநோய் வரும் அபாயம் வெகுவாகக் குறையுமாம்.

சின்னிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றை நக்கிக்கொடுத்துவிட்டு, என் புடவைத் தலைப்பைப் பிடித்து விளையாட ஓடி வருகிறாள். அவளே இன்னும் குட்டிதானே! என் ஒரு மாதத் தாமதம் அவள் விளையாட்டுப் பருவத்தை வாங்கிக்கொண்டதே என்று மனம் சங்கடப்படுகிறது.

பால் கொடுக்கும்போதே பூனை மறுபடியும் கர்ப்பமாகிவிடுமாம். அதனால் வாசற்கதவு இப்போது எப்போதும் தாழிட்டே இருக்கிறது. குட்டிகள் பால் மறந்ததும் சின்னிக்கு ஆபரேஷன். குட்டிகளுக்கு நான்கு மாதம் நிறையும் நாளையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு இப்போது என்ன வயது, சகோதரி? நாளைக்கே கால்நடை டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்!